ராகுகாலத்துக்கு முன் தட்டிய பாதிக் கட்டளை

மாதாப்பூர், ஹைதராபாத், ஆபீஸ் கேன்டீன்
வெள்ளிக்கிழமை, மதியம்

கும்பகோணம் மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வைத்தியநாதன் அநேக நமஸ்காரம். உஷாவும் தாரிணியும் சௌக்கியம். என் சங்கதியை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம்.

இன்று எனக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு வருவதாக இருந்தது. காலையில் இருந்தது ஒரே வேலைதான். ஆபீசை விட்டுப் போன ஃபெலிக்ஸின் மெயில் பெட்டியை மூட வேண்டும். மெயில் சர்வர் எங்கோ சிங்கப்பூரில் இருக்கிறது, கறுப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் அதைத் தொட முடியும். ஆபீசில் நான் கொடுத்திருந்தது உஷாவின் நம்பர் என்பதால், நுழைவதற்கான ரகசிய எண் அவள் போனுக்குத்தான் வரும், அவளோ கத்தரிக்காய் பேரத்தில் இருந்தாள்; அவள் படித்துச் சொல்வதற்குள் இரண்டு எண் காலாவதியாகிவிட்டது. மூன்றாவது எண்ணில் ஒருவழியாக உள்ளே போனபோது மணி பத்து இருபத்தைந்து, ஐந்தே நிமிடத்தில் ராகுகாலம். "ராகுகாலத்துல எதையும் ஆரம்பிக்காதீங்கோ மாப்பிள்ளை" என்று தினமும் சொல்வீர்களே, அது காதில் ஒலித்தது. ஊருக்குப் போகும்போது நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு அப்புறம் கிளம்புவோமே, அந்த மாதிரி பாதிக் கட்டளையை இப்போது தட்டிவிட்டு, யாருடைய பெட்டி என்பதைப் பன்னிரண்டுக்கு மேல் சேர்க்கலாம் என்று, 'பெட்டிகளை மூடு' என்பதுவரை எழுதி, ஆரம்பித்ததாகக் கணக்காக வேண்டுமே என்று எண்டரையும் தட்டித் தொலைத்தேன். பெயர் சொல்லாததால் சர்வர் எல்லாரையும் எடுத்துக்கொண்டது. முந்நூற்று நாற்பது பெட்டி மாமா, ஒவ்வொரு பெயராகத் திரையில் ஓடுது, நான் பாத்துண்டே நிக்கறேன். கடைசிப் பெயர் என்னுடையது.

சரிசெய்யத் தெரிந்த இர்பான் அமீர்பேட் மெட்ரோவில் மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயசில் எனக்கு இனி எவன் வேலை தருவான்? அவர்கள் துரத்துவதற்குள் நாமே போவதுதான் மரியாதை என்று ராஜினாமா எழுதினேன். பன்னிரண்டு தாண்டும்வரை பொறுத்திருந்து, மேலதிகாரி ஷோபா மேடம் கையில் கொடுத்தேன். உஷாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

மாமிக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

வைத்தியநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் இர்பான் வந்தார். "கைக்கு பரேஷான் சார், எதுக்குக் கவலை? பத்து நிமிஷ வேலை, எல்லாப் பெட்டியும் திறந்தாச்சு" என்றார். என் நிரந்தர உத்தரவைத் தலைமை ஆபீசிலிருந்து பதினோரு மணிக்கே மெயிலில் அனுப்பினார்களாம், பெட்டி மூடியிருந்ததால் திரும்பிப் போயிருக்கிறது. ஓடிப்போய் ராஜினாமாவைத் திருப்பிக் கேட்டேன். நல்ல நேரத்தில் கொடுத்தது மாமா, ஒரு தடங்கலும் இல்லாமல் உடனே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.