எஃப்.எம்.முக்கு மாறிய குழந்தைவேல்

குழந்தைவேலின் ஹாம் ரேடியோ செட்டு மேசைமேல் மல்லாந்து கிடந்தது. கையில் எஃப்.எம். போர்டு இருந்தது. அதை உள்ளே வைக்கத்தான் இடமில்லை.

அரியலூரில் உட்கார்ந்துகொண்டு பெரம்பலூர் மணிமாறனோடு செட்டில் பேசுவதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. பேச்சு என்றால் பெரும்பாலும் தெருக்கதை. வெளியே சொன்னால் வம்பாகிவிடும் சங்கதிகளையெல்லாம் காற்றில் கொட்டிவிட்டு நிம்மதியாகக் கறிச்சோறு சாப்பிடுவார். அதில்தான் மண் விழுந்தது. குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று மணிமாறன் தன் செட்டை எஃப்.எம். முறைக்கு மாற்றிவிட்டார்.

"இனிமே நீயும் எஃப்.எம்.ல வா. இல்லன்னா போன்ல பேசு" என்றும் சொல்லிவிட்டார்.

போனில் பேசுவதாம்! ரேடியோவில் பேசவென்றே லைசென்ஸ் பரீட்சை எழுதித் தேறிய மனுஷனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா இது? குழந்தைவேலுக்கு அவமானம் தாங்கவில்லை.

"ஏங்க, எஃப்.எம். வெச்சா பாட்டு வருமா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி ஜெயசித்ரா கேட்டாள்.

"வராது."

"அப்புறம் என்னதான் வரும்?"

"மணிமாறன் வருவான்."

"அதுக்கு அவர வூட்டுக்கே வரச் சொல்லலாம்ல. பஸ்ஸுதான் இருக்கே?"

இவளிடம் என்ன பேசுவது? இதுநாள்வரை பேசிவந்த பழைய ஏ.எம். பகுதியைப் பிடுங்கி எறிந்தார். போர்டு அழகாக உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டார். செட்டு ஊமையாகிவிட்டது.

போன் அடித்தது.

"என்னய்யா, ஒண்ணும் வரலியே?" என்றார் மணிமாறன்.

"இரு, வரும்."

"இன்னிக்கு மட்டும் பழையபடி ஏ.எம்.ல வாயேன்."

"அதப் பிச்சுப் போட்டாச்சு."

ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். குரல் பெரம்பலூருக்குப் போய்ச் சேர்ந்தது, கூடவே ஒரு பேரிரைச்சலும் போனது.

"குளவிக் கூட்டுக்குள்ள உக்காந்து பேசுறியா?" என்றார் மணிமாறன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடி ஃபேனை நிறுத்தினார். ஃபிரிட்ஜை நிறுத்தினார். கடைசியில் அடுப்படிக்குப் போய், மசாலா அரைபட்டுக்கொண்டிருந்த மிக்சியின் பிளக்கையும் பிடுங்கினார்.

"உங்களுக்குச் சோறு வேணுமா, செட்டு வேணுமா?" என்றாள் ஜெயசித்ரா.

"செட்டு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகட்டும். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பசி வயிற்றைக் கிள்ள, வியர்வை போர்டில் சொட்ட, உள்ளே இருந்த குட்டித் திருகாணியை மயிரிழை திருப்பினார். இரைச்சல் சட்டென்று நின்றது.

"அடேங்கப்பா! பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்குய்யா!" என்றது செட்டு.

குழந்தைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. சாதித்துவிட்டார்! சந்தோஷம் தலைக்கேற, பாக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக் கதையை எடுத்தார். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமி. முகமெல்லாம் கவலை.

"உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே? இன்னிக்கு எங்க டி.வி.ல உங்க குரலே வரலியே... போன வாரம் எங்க மாமியாரு கதையப் பாதியில நிறுத்துனீங்கல்ல, மீதியக் கேக்கத் தெருவே எங்க வூட்டுல உக்காந்திருக்கு, மாமியாரு மொத ஆளா!"