யோனாவின் ஐந்தாம் அதிகாரம்

பைபிளின் பழைய தீர்க்கதரிசிகள் செத்துப் பல நூற்றாண்டு ஆகிறது. வேத விளக்க வித்தகர் என்று பேரெடுத்த ஒருவர் அவர்களை விடுவதாயில்லை. மரச்சாமான் கடை மாடியில் வாரந்தோறும் கூட்டம் போட்டு, பிடித்து வைத்து வேலை வாங்கினார். எரேமியா கண்ட கொதிக்கும் பானை இன்றைய கேஸ் விலை. எசேக்கியேல் கண்ட சக்கரம் சந்தேகமில்லாமல் ஹெலிகாப்டர். விளக்கம் இலவசம், உண்டியல் அவர் காலடியில். கூட்டம் படிக்கட்டு வரை நெருக்கியடித்தது.

தையல்காரிக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கணவரின் சொட்டு மருந்து குப்பைக் கூடையில் கிடப்பதைப் பார்க்கும்வரை. கணவர் பஸ் டிரைவர். கண்ணில் அழுத்தம். மருந்தை விட்டால் பார்வை போகும், போனால் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"குருடன் கண்ணு திறக்கும்னு ஏசாயா சொன்னது எனக்காகத்தானாம். வித்தகர் சொன்னார். மருந்து போட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடுமாம்."

"அவர் மூக்குல கண்ணாடி இருக்கே, அது எந்தத் தீர்க்கதரிசி குடுத்தது?"

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பயமும் வந்தது. அலமாரியில் தூங்கிய வேதப் புத்தகத்தைத் தூசி தட்டினாள். பெரிய தீர்க்கதரிசிகளைக் கண்டு மலைத்துப்போய், சின்னவராகப் பார்த்து, மீன் விழுங்கிய யோனாவைப் பிடித்தாள். உலையில் போட்ட அரிசி வேகுமுன் யோனா முடிந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்குக் கணவரோடு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதிகாரத்தை யாராவது சொல்வார்கள், வித்தகர் புத்தகத்தைத் தொடாமலே விளக்குவார்.

"ஐயா, யோனா அஞ்சாம் அதிகாரம். என் வீட்டுக்காரர் கண்ணுக்கு அதுல என்ன இருக்கு?"

வித்தகர் கண்ணை மூடினார். "ஆழமான அதிகாரம்மா. மூணாம் வசனத்துல அந்த மீன் கண்ணைத் திறக்குது. அதுதான் உன் புருஷன் கண்ணு. மருந்து வேண்டாம்."

கூட்டம் மெய்சிலிர்த்தது. பின்வரிசையில் ஒருவர் அழுதே விட்டார்.

தையல்காரி புத்தகத்தைக் கணவர் மடியில் வைத்தாள். "எடுத்துப் படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

டிரைவர் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"நாலோட முடிஞ்சுடுதே. அடுத்த பக்கம் மீகா புத்தகம்."

"அது… மூலப் பிரதியில இருக்கு," என்றார் வித்தகர்.

"எடுத்துட்டு வாங்க. காத்திருக்கோம்."

எடுக்கப் போனவர் பின்வாசல் வழியாகப் போனார். போகிறபோதும் உண்டியலை மறக்கவில்லை.

"மருந்துக் கடை திறந்திருக்குமா?" என்று டிரைவர் தணிந்த குரலில் கேட்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படியிறங்கும்போது ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரை விசாரித்துக்கொண்டிருந்தாள்: "அஞ்சாம் அதிகாரம் இருக்கிற புத்தகம் எங்க கிடைக்கும்?"

அந்தத் தீர்க்கதரிசிகள் தங்கள் காலத்துப் புரட்டர்களை முகத்துக்கு நேரே திட்டியவர்கள். புத்தகத்தைத் திறக்காமலே கும்பிடுகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? திறந்து பாருங்கள் ஐயா, கண் எதற்கு இருக்கிறது?