கிரகணம் பிடித்த எக்ஸ்ரே

பழைய எக்ஸ்ரே படத்தை வாங்கிட்டு வரணும். அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

என் வலது முட்டிக்கு ஆபரேஷனா, வெறும் மாத்திரையான்னு டாக்டர் முடிவு பண்ணணும். "போன வருஷம் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தப்ப எடுத்த படம் வேணும். இன்னிக்கு எடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்"னுட்டார். எனக்குக் கத்தின்னாலே உதறல். நொண்டிக்கிட்டே கீழ எக்ஸ்ரே ரூமுக்கு ஓடினேன்.

அந்த மயிலாப்பூர் ஆஸ்பத்திரியில புதுசா கம்ப்யூட்டர் போட்டிருந்தாங்க. ஏசி ரூம். மானிட்டர் நெத்தியில சந்தனம், குங்குமம். செருப்பை வாசல்லயே கழட்டணும்! யார் படம் எந்த அலமாரியில இருக்குன்னு அது சொல்லிடுமாம்.

அங்க இருந்த பொண்ணு தட்டிப் பாத்துட்டுச் சொன்னா: "படம் உங்ககிட்டதான் சார் இருக்கு. அப்பவே குடுத்தாச்சு."

"தொலைச்சுட்டுக் கதை விடறீங்களா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்."

"இந்த டப்பாவை நம்பி மூளையைக் கழட்டி வெச்சுட்டீங்களே!"ன்னு கத்தினேன். பாவம், மூணு பேர் அரை மணி நேரம் அலமாரி அலமாரியா தேடினாங்க. கடைசியில அந்தப் பொண்ணு போனை என் பக்கம் தள்ளினா. "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்."

கேட்டேன். என் மனைவி குரல் ரூம் முழுக்கக் கேட்டுச்சு.

"தீபாவளிக்கு மறுநாள் கிரகணம் பாக்கறேன்னு நீங்கதானே அதை வெட்டினீங்க? ஃபிளாட்ல எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு தானம் வேற!"

செருப்பைக் கையில எடுத்துக்கிட்டே வெளிய வந்துட்டேன். அவ்வளவு மானம் போச்சு.

அடையார்ல எங்க ஃபிளாட்டுக்கு வந்து ஏழு வீட்டுக் கதவையும் தட்டித் துண்டுகளைத் திருப்பி வாங்கினேன். வாட்ச்மேன்கிட்டயும் ஒரு துண்டு இருந்தது. "இன்னா சார், இன்னொரு கிரகணம் வருதா?"ன்னு ஆசையா கேட்டார்.

"ஆமாம்பா, எனக்கு."

எட்டுத் துண்டையும் செல்லோடேப் போட்டு ஒட்டி, மறுநாள் டாக்டர்கிட்ட நீட்டினேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார். திருப்பிப் பாத்தார்.

"ஓரம் எல்லாம் இருக்கு. முட்டி எங்க?"

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சூரியனைப் பாக்கக் கறுப்பா இருக்கற ஓரம்தான் லாயக்கு. நடுவுல வெள்ளையா இருந்த எலும்பு எதுக்கும் உதவாதுன்னு குப்பையில போட்ட மேதாவியும் நான்தான்!

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க. அப்புறம் ஒரு படம் எடுத்து, நேத்து எடுத்த படத்தோட ஒப்பிடலாம். அதையாவது பத்திரமா வைங்க."

கத்திக்குத் தப்பிச்ச சந்தோஷத்துல நேரா கீழ போனேன். புதுப் படத்தை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்தேன். "இது உங்க டப்பா பொறுப்புலயே இருக்கட்டும்மா."

அவ சிரிக்காம தட்டிக்கிட்டே கேட்டா: "அடுத்த கிரகணம் வரைக்கும்தானே சார்?"