தட்டு மாமாவும் என் மச்சினனும்

இந்த வருஷம் பூஜைக்கு என் மச்சினன் வாஞ்சிநாதன் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக்கூடாது. மிதித்தால் என் பெயர் பட்டாபி இல்லை!

இந்தச் சபதத்தை இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ் கான்டீனில், கையில் பாதி கடித்த சிங்காடாவோடு, அதாவது வங்காளி சமோசாவோடு, எடுத்தேன். வீட்டில் எடுக்கவில்லை. எங்கள் பெஹாலா ஃபிளாட்டில் சபதம் எடுக்கிற உரிமை என் மனைவி நாகலட்சுமிக்கு மட்டும்தான்.

வாஞ்சி கெட்டவன் என்று நான் சொல்லவே மாட்டேன். ஜாம்ஷெட்பூரில் நல்ல வேலை. கல்யாணம் ஆகவில்லை, அதனால் தெம்பாக இருக்கிறான். வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு எங்கள் வீட்டில் வந்து இறங்குவான். என் கட்டிலில் படுப்பான். நான் ஹாலில், கொலுப்படிக்குக் கீழே, மரப்பாச்சிக்குப் பக்கத்தில் படுப்பேன். சாயங்காலமானால் என்னை இழுத்துக்கொண்டு பந்தல் பந்தலாக நடப்பான். போன வருஷம் கூட்டத்தில் நான் எங்கேயோ மாட்டிக்கொண்டேன். அவன் நேரே போய் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான். "பெஹாலாவிலிருந்து வந்த பட்டாபி பாபு, உங்கள் மச்சினர் ஆபீஸ் ரூமில் காத்திருக்கிறார், அழாமல் வரவும்!" அழாமல் என்பது அவனே சேர்த்தது. ஆபீஸில் தீபாவளி வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆகவே சபதம். ஆனால் ஆயுதம்? அது ஹால் மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. என் பழைய கம்ப்யூட்டர்.

தொண்ணூற்றைந்தில் வாங்கியது. அதன் ஹார்ட் டிஸ்க் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஃப்ளாப்பியைச் செருகினால் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் வரும். கிடர்பூரில் வாங்கிய ஆட்டம். ஒரு குண்டு சமையல்காரர் தலைக்கு மேல் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறவேண்டும். பூனைகள் துரத்தும். தட்டு விழக்கூடாது. எங்கள் பெண் மஹிமா சின்னவளாக இருக்கும்போது அவருக்குத் தட்டு மாமா என்று பெயர் வைத்தாள். அவள் படித்து ஹைதராபாதுக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாமா மட்டும் என்னோடு இருந்தார். ஆபீஸில் நான் வாங்கும் திட்டெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் கரைந்துவிடும். எனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது சார். இருந்த ஒரே பழக்கம் தட்டு மாமா.

"புதுசுதான் வாங்கியாச்சே! அதுல ஆடித் தொலையுங்கோளேன்" என்பாள் நாகு.

ஆடாமலா இருப்பேன்? மஹிமாவோடு பேசுவதற்காக வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். தட்டு மாமா தோன்றினார். தோன்றியதைத்தான் பார்த்தேன். அடுத்த கணம் தட்டெல்லாம் சுக்குநூறு, மாமா மல்லாக்க, அவர் மேல் பூனை. நான் கையைக்கூட எடுத்து வைக்கவில்லை!

ஆபீஸ் நண்பன் மஹாதேவனிடம் கேட்டேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் தண்ணீர் பட்ட பாடு.

"அந்த ஆட்டத்தை எழுதினவன் கடிகாரத்தைப் பார்த்து எழுதலைடா. மெஷின் எவ்வளவு வேகமோ மாமாவும் அவ்வளவு வேகம். பழசு மூச்சு வாங்கிண்டு ஓடித்து, மாமாவும் நிதானமா நடந்தார். புதுசு பறக்கறது, மாமாவும் பறக்கறார்."

"அப்போ புதுசுக்கும் மூச்சு வாங்க வெச்சா?"

சும்மா சொல்லவில்லை, செய்தும் பார்த்தேன். ஒரே சமயத்தில் வைரஸ் தேடவிட்டேன். சுப்ரபாதம் சி.டி.யைப் போட்டேன். மஹிமாவின் போட்டோ அத்தனையையும் திறந்தேன். மாமா நடந்தார், நின்றார், நடந்தார், அப்படியே உறைந்துபோனார். சுப்ரபாதம் "கௌ... கௌ..." என்று திக்கியது.

"ஏன்னா! சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருமாளை ஏன் இப்படி எழுப்பறேள்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வைரஸ் நாகு. ஊரெல்லாம் வைரஸ்."

மஹாதேவன்தான் வழி சொன்னான். புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி நடிக்கிற ஒரு ப்ரோக்ராம் இருக்கிறதாம். மாமாவை அதற்குள் விட்டால், தாம் பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பி நிதானமாக நடப்பாராம். "பூஜை லீவு முடியட்டும், ஆத்துக்கு வந்து போட்டுத் தரேன். ஃப்ளாப்பியை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ, இப்போ அது எங்கேயும் கிடைக்காது" என்றான்.

பளிச்சென்று விளக்கு எரிந்தது எனக்கு. பழைய பெட்டி இனி எனக்கு வேண்டாம். ஆனால் அது எனக்கு உயிர் என்றுதான் நாகு நினைத்துக்கொண்டிருக்கிறாள்! உயிரைக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்து, பதிலுக்கு வாஞ்சியை வாங்கிவிடலாமே!

அன்றைக்கே ஆரம்பித்தேன். பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தேன். பெருமூச்சு விட்டேன். ரசத்தில் உப்பில்லை என்று சொல்லவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் நாகு.

"மனசுதான். கொலுவுக்கு மூலை வேணும்னு ஒரு வருஷமாக் கேக்கறே. எடுத்துக்கோ."

"நெஜமாவா?"

"ஆனா ஒண்ணு நாகு. நான் இதை விடறேன். நீயும் ஒண்ணு விடணும்."

"என்னத்தை?"

"வாஞ்சியை."

கரண்டியோடு நிமிர்ந்தாள். நான் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். ஆனால் அவள் அடிக்கவில்லை, யோசித்தாள்.

"அதாவது, பழைய கம்ப்யூட்டர் ஆத்துல இல்லேன்னா வாஞ்சியும் இல்லை. அதானே?"

"அதேதான். ரெண்டும் வெளியே."

"பேச்சு மாற மாட்டேளே?"

"பட்டாபி மாறினதா சரித்திரம் உண்டா?"

என் கண்ணெதிரேயே போனை எடுத்தாள். "டேய் வாஞ்சி, பூஜைக்கு நீ வரவேண்டாம்டா. அத்திம்பேருக்கு மனசு சரியில்லை" என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மஹாளய அமாவாசையன்று பழைய சாமான்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பதிலுக்கு ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு கொடுத்தான். நான் பால்கனியில் நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன். நல்ல நடிகன் இந்த ரயில்வே கணக்கு ஆபீஸில் வீணாகிவிட்டான் என்று தோன்றியது.

ஃப்ளாப்பி? அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலக் குரங்குக் குல்லாய்க்குள். அக்டோபரில் யார் குல்லாயைத் தொடப்போகிறார்கள்?

கொலு அமோகமாக ஆரம்பித்தது. தினம் சாயங்காலம் பெண்கள் வருவார்கள். நாகு ஒரு பொட்டலம் சுண்டலை என் கையில் திணித்து, "பொம்மனாட்டிகள் வர நேரம், போய்ப் பந்தல்ல உட்காருங்கோ" என்று வெளியே அனுப்பிவிடுவாள். மஹாதேவனின் மனைவி பாகீரதியும் வந்தாளாம், ரொம்ப நேரம் இருந்தாளாம். பந்தலில் டாக் மேளம் முழங்கியது. பக்கத்தில் வாஞ்சி இல்லை. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து சுண்டல் தின்றேன். ஆஹா, அதுவல்லவா பூஜை!

நவமியன்று காலையில் நாகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இன்னிக்கு வெயில் நன்னா இருக்கு. கம்பளி, குல்லாய் எல்லாத்தையும் மாடியில காயப்போடப்போறேன்."

ஃப்ளாப்பி கிடைத்தால் என் தியாகம் முழுக்கச் சாயம் வெளுத்துவிடும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குல்லாயிலிருந்து எடுத்தேன். எங்கே ஒளிப்பது? ஹாலில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அடித்தது யோசனை! பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை எவரும் தொடமாட்டார்கள். பாங்க் லாக்கர்கூட அவ்வளவு பத்திரமில்லை. மஹிமாவின் பழைய பூகோளத்துக்கும் என் ரயில்வே விதிமுறைப் புத்தகத்துக்கும் நடுவில் ஃப்ளாப்பியைச் செருகினேன். சரஸ்வதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விஜயதசமி காலை. புனர்பூஜை முடிந்தது. நாகு நைவேத்தியப் பாத்திரத்தோடு உள்ளே போனாள். நான் பூகோளத்தைத் தூக்கினேன்.

ஃப்ளாப்பியின் நெற்றியில் சந்தனம். அதன் மேல் குங்குமம். சரி, அது வெளியே. அந்தத் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே, அந்தக் கறுப்புத் தட்டிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம்! நன்றாகக் காய்ந்து வெடித்திருந்தது.

ஓடிப்போய்ப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன். அது கர்ர்ர் என்றது. படிக்க முடியவில்லை என்றது. துடைத்துப் போட்டேன். மறுபடி கர்ர்ர்.

சத்தியமாகச் சொல்கிறேன், மஹாளயத்தன்று விட்ட ஒரு சொட்டு நடிப்பு. இன்றைக்கு வந்தது நிஜம். பழைய பெட்டி அடுக்காகிவிட்டது. ஃப்ளாப்பி பிரசாதமாகிவிட்டது. தட்டு மாமா இனிமேல் இந்த உலகத்தில் இல்லை. நாற்காலியில் அப்படியே சரிந்தேன்.

"ஏன்னா, நல்ல நாளும் அதுவுமா ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுண்டு உட்கார்ந்திருக்கேள்?"

"நாகு... இந்த ஃப்ளாப்பிக்குச் சந்தனம் வெச்சது நீயா?"

"பூஜையில வெச்ச பண்டத்துக்குப் பொட்டு வைக்காம இருப்பாளா? ஆமாம், அது எப்படிப் பூஜைக்கு வந்தது?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். குல்லாய், மஹாதேவன், பெருமூச்சு, வாஞ்சி, எல்லாவற்றையும் கொட்டினேன். "என்னை என்ன வேணா சொல்லு. ஆனா மாமா போயிட்டார் நாகு!" என்று முடித்தேன்.

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை நகரச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள்.

திரை கறுத்தது. இசை வந்தது. தட்டு மாமா வந்தார்! தட்டுகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு, தொந்தி குலுங்க, பழைய அதே நடை. பூனைகூடப் பழையபடி சோம்பல் முறித்துவிட்டுத்தான் கிளம்பியது.

"நாகு! இது எப்படி?"

"கொலுவுக்குப் பாகீரதி வந்தாளே, வெத்தலைபாக்கு வாங்கிக்க வந்தவ, பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற அந்த ப்ரோக்ராம் சி.டி.யையும் கொண்டுவந்தா. உங்க மஹாதேவன் ஆபீஸ்ல பேசறதையெல்லாம் அவகிட்ட ஒப்பிச்சுடறாராம். அவர் போன்ல சொல்லச் சொல்ல நாங்க ரெண்டு பேரும் போட்டோம். இந்தச் சாவியை அமுக்கினா மாமா ஓடறார், இதை அமுக்கினா நடக்கறார். சித்த நேரம் ஆச்சு சரியான நடைக்குக் கொண்டுவர."

"ஃப்ளாப்பி?"

"குல்லாய்க்குள்ள இருந்ததை எடுத்துக் காப்பி பண்ணிண்டு, திரும்ப அதுக்குள்ளேயே வெச்சேன். கம்பளி காயப்போடறேன்னதும் எங்கே கொண்டுபோறேள்னு பார்த்தேன். நேரா சரஸ்வதிகிட்டயே கொண்டு வெச்சேள்! உங்க முழியைப் பார்க்கணும்னுதான் உள்ளேயும் ஒரு பொட்டு வெச்சேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. மாமா பிழைத்தார், நாகு சிரிக்கிறாள், என் குட்டு உடைந்தும் வீட்டுக் கூரை விழவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? "நீ மகராசிடீ!" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அப்போது வாசல் மணி அடித்தது.

நாகு கதவைத் திறந்தாள். கையில் பெட்டி, தோளில் பை, அக்குளில் தலையணையோடு வாஞ்சிநாதன் நின்றான்.

"அத்திம்பேர், பூஜைதான் போயிடுத்து. காளி பூஜையும் தீபாவளியும் பார்த்துட்டே போறேன்!"

வழக்கமாகப் பத்து நாள். காளி பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"நாகு! பேச்சு என்ன? பழைய கம்ப்யூட்டர் வெளியே, வாஞ்சி வெளியே!"

"பழைய கம்ப்யூட்டர் எங்கே வெளியே போச்சு?" என்று திரையைக் காட்டினாள். "இதோ, இதுக்குள்ளேயே சௌக்கியமா இருக்கே. வேணும்னா சொல்லுங்கோ, அதை இப்பவே அழிச்சுடறேன். வாஞ்சியும் இப்படியே ரயிலேறிடுவான்."

அவள் விரல் சாவிமேல் இருந்தது. தட்டு மாமா முதல் மாடி ஏறிக்கொண்டிருந்தார். வாஞ்சி செருப்பைக் கழற்றாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மாமாவைப் பார்த்தேன். வாஞ்சியைப் பார்த்தேன்.

"வாடா வாஞ்சி" என்றேன். "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்ததா?"

அவன் உள்ளே வந்தான். பையை என் கையில் கொடுத்துவிட்டு, நேரே போய்த் தட்டு மாமா முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அத்திம்பேர், இதுல பூனை வந்தா எந்தச் சாவியை அமுக்கணும்?"

"அவரை ஏன்டா கேக்கறே, நான் சொல்லித் தரேன்" என்றாள் நாகு. "ஏன்னா, நீங்க போய் வாஞ்சிக்குக் காப்பிக்குப் பால் வாங்கிண்டு வந்துடுங்கோ."