பேசா மடத்தில் ஒரு சொற்பொழிவு

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளை வெளியே எங்கேயும் அழைத்துப் போகக் கூடாது. சுவரைக் கண்டால் அதைக் கட்டிய காலம் சொல்லுவாள். செடியைக் கண்டால் யாரும் கூப்பிடாத ஒரு பெயர் சொல்லுவாள். பஸ் டிக்கெட்டில் எழுத்துப் பிழை கண்டுபிடித்து, இறங்குகிற வரைக்கும் அதைப் பற்றியே பேசுவாள்.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். வரலாறு பி.ஏ. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, கால் தரையில் படாமல் நடந்துகொண்டிருந்தாள். (வேறு யார், நான்தான்.)

அப்பா காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குடும்பம். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்பதால் கடலை விட்டுவிட்டுப் பஞ்சாலை வேலைக்கு வந்தவர். அம்மாவுக்குக் கைநாட்டு. அவர்களுக்குப் பிறந்த நான் சென்னைக்குப் போய் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். அப்பாவுக்குப் பாதி சம்மதம். மீதிப் பாதி அவருடைய அக்கா அஞ்சலை அத்தையிடம் இருந்தது. தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவள் சொல்லாமல் அப்பா தலைகூட வாரமாட்டார்.

அந்த அத்தை ஒரு சனிக்கிழமை மாலை ஒரு முழு வஞ்சிரத்தோடும் தன் மகன் முருகையனோடும் வந்து இறங்கினாள். இரண்டில் வஞ்சிரத்தை மட்டும் நான் வரவேற்றேன்.

"தம்பி, பொண்ணு படிச்சது போதும். ஆவணியில கல்யாணத்த முடிச்சிடலாம்."

"அது இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும்னு சொல்லுதுக்கா."

"படிச்சி? கப்பலா வுடப்போது?"

முருகையன் திடமான ஆள். கடலுக்குப் போகிறவன். எனக்கு முறை மாமன். சோற்றிலிருந்து தலை நிமிராமல், "மீனு நல்லா இருக்கு அத்த" என்று அம்மாவிடம் சொன்னான். அன்றைக்கு அவன் பேசிய மொத்தமும் அதுதான். இவனோடு எப்படி ஐரோப்பிய வரலாறு பேசுவது என்று எனக்குக் கண் கலங்கியது. (அவனோடு எதற்கு ஐரோப்பிய வரலாறு பேச வேண்டும் என்று தோன்றவில்லை.)

இரவெல்லாம் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். என் படிப்பின் ஆழத்தை அத்தைக்குக் காட்டிவிட்டால் அவளே மிரண்டுபோய், "இது நம்ம பையனுக்கு ஒத்து வராது" என்று ஓடிவிடுவாள்.

காட்டுவதற்கு இடமும் இருந்தது. அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேருகிற பக்கம், மரங்களுக்கு நடுவே கூரையில்லாத செங்கல் சுவர்களும் வளைவுகளும் நிற்கும். அங்கே ஒரு காலத்தில் பாதிரிமார்கள் தங்கி ஜெபம் செய்தார்கள், ஒரு இருநூறு வருடம் இருக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் ஒருமுறை சொல்லியிருந்தார். இருநூறு எனக்குப் போதவில்லை. ஐரோப்பாவின் இடைக்காலத் துறவி மடங்கள் என்கிற பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள் நான். அந்தப் பாடத்தை அப்படியே தூக்கிவந்து ஆற்றங்கரையில் இறக்கி, எழுநூறு வருடம் ஆக்கிவிட்டேன்.

மறுநாள் நோணாங்குப்பத்தில் தெரிந்தவரிடம் முருகையன் ஒரு படகு கேட்டு வாங்கினான். அலையே இல்லாத அந்த ஆற்றிலும் அப்பா வாந்தி எடுத்தார். நான் கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் குடை. வெயிலுக்கு இல்லை, சுட்டிக் காட்ட.

இடிந்த மேடை ஒன்றின் மேல் ஏறி நின்றேன். ஏறியதும் என் தமிழே மாறிவிட்டது.

"நாம் இப்போது நிற்பது எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய மடாலயம். இங்கே வாழ்ந்த துறவிகள் திருமணம் செய்யாதவர்கள். எவரோடும் பேசாதவர்கள்."

"ஊமைங்களா?" என்றாள் அத்தை.

"விரதம் அத்தை. எவராவது வாய் திறந்தால் மடத்தின் பெரியவர் 'ஸிலான்ஸ்!' என்பார். பிரெஞ்சு மொழியில் பேசாதே என்று பொருள்." (எழுநூறு வருடத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரன் இந்தக் கரையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் வரலாறு ரொம்ப வசதியானது.)

"சோத்துக்காவது வாயத் தொறப்பாங்களா?" முருகையன் கேட்டான்.

"ஸிலான்ஸ்!" என்றேன்.

சாதாரணச் செங்கல் ஓட்டையைக் காட்டி விளக்கு மாடம் என்றேன். வளைவின் உட்பக்கம் பானை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த மண்கட்டியைக் குடையால் காட்டி, ஜெப மணி தொங்கிய இடம் என்றேன். பேசாத துறவிகளைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். அம்மா கொட்டாவி விட்டாள். அத்தை மிரளவே இல்லை. கடைசி அஸ்திரமாக, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை எடுத்து விட்டேன்.

"மடத்தின் கடைசிப் பெரியவர் இந்த மாடத்தின் முன்னால்தான் தியானத்தில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். இங்கேயே அடக்கம்."

அத்தை சட்டென்று செருப்பைக் கழற்றினாள்.

"ஏண்டி, ஜீவசமாதின்னு இத மொதல்லயே சொல்லக் கூடாது? செருப்போட நிக்கிறேன் பாரு!"

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கற்பூரமும் சாம்பிராணியும் வெளியே வந்தன. வெற்றிலைக்கு முன்னால் அவள் பையில் கற்பூரம்தான் இருக்கும்.

"அத்த, இது கும்புடுற எடம் இல்ல. சரித்திரச் சின்னம்." என் செந்தமிழ் அதற்குள் ஆற்றோடு போயிருந்தது.

"உக்காந்தபடியே போன மனுசன கும்புடாம இன்னா பண்ணுவாங்க? தள்ளு."

காய்ந்த தேங்காய் நாரைக் கூட்டிக் கொளுத்தினாள். அம்மாவும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பெற்றவளே கட்சி மாறிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் படகு வாங்குவதானாலும் பெண் எடுப்பதானாலும் சாமியிடம் உத்தரவு கேட்பது வழக்கம். பூ விழும், பல்லி கத்தும், ஏதோ ஒன்று நடக்கும். அதுதான் பதில். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"பெரியவரே, எந்தம்பி பொண்ண எம்பையனுக்குக் கட்டலாம்னு இருக்கேன். சரின்னா ஒரு அடையாளம் காட்டு. வேணாம்னாலும் நீயே காட்டிடு" என்று கை கூப்பினாள் அத்தை.

அந்தச் சுவரில் எத்தனை பல்லி இருக்குமோ! ஒன்று வாய் திறந்தால் என் எம்.ஏ. போச்சு. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசிக் கல்லூரியில் கோப்பை வாங்கிய நான், கண்ணை மூடிக்கொண்டு சுவரில் உள்ள பல்லிகளுக்கெல்லாம் கும்பிடு போட்டேன். 'ஸிலான்ஸ், ஸிலான்ஸ்.'

பல்லிகள் பேசவில்லை. சாம்பிராணிப் புகைதான் நேரே மேலேறி, ஜெப மணி தொங்கிய இடத்தைப் போய்த் தொட்டது. 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம்.

"கொளவிடா! ஓடு! ஆத்துல எறங்கு!" முருகையன் கத்தினான்.

அத்தையும் அம்மாவும் ஓடினார்கள். தண்ணீர் என்றால் ஆகாத அப்பாதான் முதல் ஆளாக ஆற்றில் குதித்தார். மேடையின் மேல் நான் மட்டும் நின்றேன். தைரியத்தால் இல்லை. அறிவால்.

"ஓடாதீங்க! அசையாம நின்னா கொட்டாது! புக்குல போட்டிருக்கு!"

குளவிகள் வேறு பாடத்திட்டம் போலிருக்கிறது. முதலில் மேலுதடு. அப்புறம் கீழுதடு. வலது இமை. காது. நான் அசையவே இல்லை. முருகையன் திரும்பி ஓடிவந்து, ஈரத் துண்டை என் தலையில் போட்டு மூடி, மீன் கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கினான். கஞ்சி போட்ட புடவை.

ஒருவழியாகப் படகில் ஏறினோம். என் உதடுகள் இரண்டும் மெதுவடை அளவுக்கு வந்திருந்தன. அத்தைதான் ஆரம்பித்தாள்.

"எம் புத்திய செருப்பால அடிக்கணும். கல்யாணமே வேணாம்னு கெடந்த சாமியாருங்க கிட்ட போயி கல்யாணத்துக்கு உத்தரவு கேட்டிருக்கேன் பாரு. நம்மள ஒண்ணு ரெண்டோட வுட்டுட்டு, இவள எப்படி கொட்டி வச்சிருக்காங்க! இவள அவங்க படிப்புக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. டேய் தம்பி, மெட்ராஸுக்கு அனுப்பிடு. இல்லன்னா கொளவி வூட்டுக்கே வரும்."

"சரிக்கா" என்றார் அப்பா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

புகை பட்டதால்தான் குளவி கலைந்தது, அசையாமல் நின்றதால்தான் எனக்கு அதிகம் என்று நான் விளக்கியிருக்கலாம். ஜீவசமாதியே என் கட்டுக்கதை என்றும் சொல்லியிருக்கலாம். உதடு வீங்கியிருந்ததால் பேசவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீங்காவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். அந்த மடத்தின் விதியை நான் கடைப்பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

கரையில் இறங்கும்போது கைகொடுத்த முருகையனிடம் பெருந்தன்மையோடு, "வருத்தப்படாத மாமா" என்று சொல்லப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவன் புரிந்துகொண்டான்.

"எனக்கு இன்னா வருத்தம்? நீ மேடையில ஏறிப் பேச ஆரம்பிச்சப்பவே எனக்கு உத்தரவு கெடச்சிடுச்சு."

குளவி கொட்டியது நாலு நாளில் வற்றிவிட்டது. இது இன்னும் வற்றவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அங்கே என் பேச்சை அறுபது பேர் குறிப்பெடுக்கிறார்கள். வீட்டு விசேஷங்களில் நான் வாய் திறந்ததும் முருகையனின் கடைக்குட்டி "ஸிலான்ஸ்!" என்று கத்துகிறது. பந்தியே சிரிக்கிறது.

ஆனால் அத்தை சொல்லிச் சொல்லி அந்த இடத்தின் பெருமை காலாப்பட்டு வரைக்கும் பரவிவிட்டது. பரீட்சை முடிகிற மாதம் வந்தால் போதும், சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னைத் தேடி வருகிறார்கள். நேற்றுகூட ஒருத்தி வந்து காதோரம் கிசுகிசுத்தாள்.

"அக்கா, வூட்ல கல்யாணப் பேச்சு எடுத்துட்டாங்க. எங்க அத்தைய ஒரு தடவ அந்த மடத்துக்குக் கூட்டினு போயேன்."

ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். அதற்குள் ஒரு நடை போய், குளவிக் கூடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.