சௌனா பட்டியல் காலியான கதை

குவோப்பியோ, செவ்வாய்க்கிழமை

அன்பு மாப்பிள்ளை யார்க்கோவுக்கு மாமனார் ரெய்னோ ஆசியுடன் எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. இதை வெர்னா கண்ணில் படாமல் படியுங்கள், அவள் படித்தால் அம்மாவிடம் சொல்லிவிடுவாள்.

எங்கள் குடியிருப்பில் யார் எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பொதுச் சௌனாவின் நீராவியில் உட்காரலாம் என்ற பட்டியல் ஒன்பது வருடமாக என் பொறுப்பு. மூன்றாம் மாடி கௌகோ வீட்டைக் காலி செய்ததால் அவர் பெயரை நீக்க வேண்டியிருந்தது. பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக, நீங்கள் கோடையில் சொல்லித்தந்தபடி கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். முதலில் பழைய பட்டியலையும் அதிலிருந்து எடுத்த புதிய நகலையும் டிஃப் கட்டளை போட்டு ஒப்பிட்டால், பார்வைக்கு ஒன்றாக இருந்த வரிகளையெல்லாம் அது வேறு வேறு என்றது. வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும் என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள், நான்தான் காப்பி ஊற்றப் போய்விட்டேன். சரி போகட்டும் என்று, கௌகோ பெயர் இல்லாத வரிகளை மட்டும் வடிகட்டும்படி கிரெப் கட்டளைக்குச் சொன்னேன். திரையில் அழகாகக் காட்டியது. அந்தச் சந்தோஷத்தில், விடையை அதே கோப்பிலேயே எழுதச் சொல்லி அம்புக்குறி போட்டேன். படிப்பதற்கு முன்பே அது கோப்பைத் துடைத்துவிடும் என்று யார் கண்டது? திறந்து பார்த்தால் கௌகோ மட்டுமல்ல, குடியிருப்பே காலி செய்திருந்தது. எங்கே தப்பு நடந்தது என்று பார்க்க, அதையே பழைய பட்டியலிலும் செய்து பார்த்தேன். அதுவும் காலி. சௌனா கதவில் ஒட்டியிருந்த தாளை, புதிது வருகிறதே என்று காலையிலேயே கிழித்துக் காகிதத் தொட்டியில் போட்டிருந்தேன், வண்டி வந்து அள்ளிப் போய்விட்டது.

வீடு வீடாகக் கேட்கலாமே என்பீர்கள். படியில் காலடி கேட்டால் அது போகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் நாங்கள். நான் போய் மணியடித்தால் சாவுச் செய்தி என்றுதான் நினைப்பார்கள். உங்கள் மாமியார் ஹில்க்காவுக்கு இன்னும் தெரியாது. நேற்றுத் துண்டுகளை மடித்துக்கொண்டே, "சனிக்கிழமை ஏழு மணி சௌனா மட்டும் இல்லன்னா உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டறது?" என்றாள். சனிக்கிழமை எல்லாரும் துண்டோடு வந்து ஒரே கதவில் நின்றால் என் மானம் என்ன ஆகும்? பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

கோப்பை மீட்க வழி இருந்தால் உடனே கிளம்பி வாருங்கள். பனி விழுந்துவிட்டது, வண்டிக்குக் குளிர்கால டயர் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்களும் வெர்னாவும் நூறாண்டு குறையின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கலங்கிய மாமனார்
ரெய்னோ

பின்குறிப்பு: உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபால்பெட்டிக்குப் போகையில் படியில் இரண்டாம் மாடி துலிக்கி அம்மாளிடம் அகப்பட்டு, பயத்தில் உண்மையை உளறிவிட்டேன். "கதவுல ஒட்டுவீங்களே, அந்தத் தாளா? அத யாருங்க பாக்கறா?" என்றார். "எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஆறு மணி. வீடு வாங்கின நாள்லேருந்து அதேதான். எல்லாருக்கும் அப்படித்தான்." ஆகவே சனிக்கிழமை பத்திரம், நீங்கள் வர வேண்டாம். ஒன்பது வருடமாக இந்தக் குடியிருப்பை நான்தான் நடத்துகிறேன் என்று நினைத்திருந்தேன். மனசு ஆறவில்லை. வந்தேவிடுங்கள்.