இங்கிரேஷியேட்டிங்

மதிப்புக்குரிய மச்சான் ராசாங்கம் அவர்களுக்கு,

உடையார்பாளையத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் அமிர்தலிங்கம் வணங்கி எழுதுவது. இங்கே நலமாக இருக்க முயல்கிறேன். அங்கே உங்களோடு இருக்கும் பரிமளாவின் கோபம் எந்த மட்டில் உள்ளது என்று அறிய ஆவல். அவள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள், நீங்களோ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற விழாவில் என்னையும் பேசச் சொன்னார்கள். எல்லாரும் அன்பானவர், பண்பானவர் என்று பேசிவிட்டதால் நான் போனில் தேடி, மனம் கவரும் என்று பொருள் போட்டிருந்த ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பிடித்துக்கொண்டு மைக்கில், "மை வைஃப் இஸ் வெரி இங்கிரேஷியேட்டிங்! எச்.எம். முதல் பி.டி.ஓ. வரை எல்லார்கிட்டயும் அப்படித்தான்!" என்றேன். கைதட்டல் வரவில்லை. இங்கிலீஷ் டீச்சர் கலைமணி என் காதருகே வந்து, "சார், காரியம் ஆகணும்னு குழைஞ்சு குழைஞ்சு பேசுறவங்களத்தான் அப்படிச் சொல்லுவாங்க" என்றார். மைக் அணையவில்லை மச்சான்.

பரிமளா மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அழுகின முட்டைய அனுப்புன ஆபீசருங்ககிட்ட சண்டை போட்டவ நான். ஒருத்தர்கிட்டயும் பல்ல இளிச்சதில்ல. நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்களே" என்றாள். அன்றே ரஞ்சன்குடிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாத வூடு சத்தமில்லாமல் கிடக்குது மச்சான். விடியற்காலையில் ஃபேனை நிறுத்தி என்னை எழுப்புவாள். இப்போ நானே எழுந்து நிறுத்திட்டு, அவ திட்டுவாளான்னு கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கிறேன். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன், யாரோ போறாங்க. ரசம் வைத்தேன், நல்லாவே வந்தது, அதைச் சொல்ல ஆளில்லை.

ரஞ்சன்குடிக்குக் கோட்டை எப்படியோ அப்படி நீங்கள். உங்களைப் போல் பெருந்தன்மையும் கம்பீரமும், இந்த வயதில் இவ்வளவு தலைமுடியும் உள்ளவர் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. ஒரு வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் போர்வெல்லில் தண்ணீர் குறையாதிருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
அமிர்தலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டும்போது பரிமளாவே போனில் கூப்பிட்டுவிட்டாள். "எங்கண்ணன்கிட்ட குழைஞ்சு கடுதாசி கிடுதாசி எழுதிடாதீங்க. குழையறதா இருந்தா நேர்ல வந்து எங்கிட்ட குழைங்க. தமிழ்லயே" என்றாள். ஆகவே மேலே உங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம், தலைமுடி உட்பட, ரத்து. கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அரியலூர் பஸ்ஸைப் பிடிக்கிறேன். பெரம்பலூரில் மாறி, கடிதத்துக்கு முன்னால் வந்துவிடுவேன்.